மூச்செடுக்கும் இடம்

ஆசிரியர் கலாசாலை விடுதியில் எங்கள் அறையில் நான்கு கட்டில்கள் இருந்தன. சுபஹுக்கு எழும்புகிறவன் நான் ஒருவன்தான். 2002ஆம் ஆண்டு அது. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, மட்டக்களப்புப் பாதையில் பயமில்லாமல் பஸ் ஏறலாம் என்று ஆகியிருந்த காலம். கிணற்றடியில் வுழூச் செய்துவிட்டு நான் அறைக்குள் வரும்போது, பக்கத்துக் கட்டில்காரன் கண்ணைத் திறக்காமலே ஒரு மெட்டை மூக்கால் முனகிக்கொண்டிருப்பான். அவன் சங்கீத பாடத்துக்குத் தெரிவாகி வந்தவன். மெதடிஸ்த கிறிஸ்தவன்.

"என்ன மச்சான் அது, சினிமாப் பாட்டா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்லடா. சேர்ச் பாட்டு. அம்மா இடியப்பம் புழியக்க பாடுறது. விடியச் சத்தம் கேட்டா எனக்குத் தானா வருது."

விடியச் சத்தம் என்று அவன் சொன்னது நான் வாளியில் தண்ணீர் அள்ளும் சத்தத்தை. என்னுடைய தொழுகையின் ஆயத்தம் அவனுக்கு அவனுடைய அம்மாவின் பாட்டை எழுப்பிவிட்டது. அன்று இதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த மெட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வளைவும் குழைவும் இல்லாமல், ஒரு எழுத்துக்கு ஒரு சுரமாக, பாரம் சுமந்து படியேறுகிறவனைப் போல அது மெல்ல நகரும். நாகூர் ஹனிபாவின் குரலில் வளர்ந்த காதுக்கு அதில் என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. இதைக் கேட்டா ஒரு மனிதனுக்கு இறைவன் நினைவு வரும்? வெளியே கேட்காவிட்டாலும் உள்ளுக்குள் எனக்கு அந்த ஏளனம் இருந்தது.

2003 ஏப்ரல் 18ஆம் திகதி பெரிய வெள்ளி. ஒப்படை ஒன்றை அவனிடமிருந்து வாங்க வேண்டியிருந்தது. நகரத்துப் பள்ளியில் ஜும்ஆவை முடித்துக்கொண்டு சைக்கிளில் அவனுடைய தேவாலயத்துக்குப் போனேன். பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிவரை நடக்கும் ஆராதனை அது. இயேசு சிலுவையில் கிடந்த நேரமாக அவர்கள் நினைவுகூரும் மூன்று மணித்தியாலங்கள். உள்ளே போகாமல் மதிலோரம் மர நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காத்து நின்றேன்.

அப்போது அந்த மெட்டு வந்தது. விடுதியில் ஒரு மூக்கு முனகிய அதே மெட்டை இப்போது நூற்றுக்கணக்கானோர் பாடினார்கள். சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் எல்லோரும் நிறுத்தினார்கள். அந்தச் சிறிய நிறுத்தத்தில் கிழவிகள், பிள்ளைகள், ஆண்கள் எல்லோரும் ஒன்றாக மூச்செடுக்கிற சத்தம் ஜன்னல் வழியே வெளியே கேட்டது. பிறகு அடுத்த வரி. மறுபடியும் அந்த மூச்சு.

எனக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்தது, சற்று முன்னர் பள்ளியில் இமாம் பாத்திஹா ஓதி முடித்ததும் ஸஃப்பு முழுவதும் ஒரே குரலாகச் சொன்ன 'ஆமீன்'. ஏன் அது ஞாபகம் வந்தது என்று அன்று யோசிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அவர்களும் 'ஆமென்' என்றார்கள்.

வெளியே வந்த நண்பனிடம், சங்கீதம் தெரிந்தவன்தானே என்று, "இது என்ன ராகம் மச்சான்?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "ராகம் இல்ல. இது ஒரு காதல் பாட்டு," என்றான்.

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் சொன்னது வரலாறு. பின்னாளில் நானும் தேடி வாசித்து உறுதிசெய்துகொண்டேன். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜேர்மன் இசையமைப்பாளர் 1601இல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பில் அந்த மெட்டு இருக்கிறது. ஒரு பெண்ணால் தன் மனம் குழம்பிப்போனதென்று ஒருவன் புலம்பும் பாட்டு. தாளமும் அதில் துள்ளலானது. 1613 அளவில் அதே மெட்டில் மரணத்தை எதிர்நோக்கும் ஒரு பக்திப் பாடலைப் பாடத் தொடங்கினார்கள். 1656இல் பவுல் கெர்ஹார்ட் என்ற லூத்தரன் போதகர், சிலுவையில் முட்கிரீடம் தாங்கிய தலையை நோக்கிப் பாடும் பழைய இலத்தீன் கவிதையொன்றை ஜேர்மனில் ஆக்கினார். அதுவும் இந்த மெட்டோடு சேர்ந்துகொண்டது. சபையார் பாடப்பாடத் துள்ளல் போய்ச் சுரங்கள் சமமாகின. நான் பாரமாக உணர்ந்த அந்த நடை, பிறகு வந்த நடை.

அது எப்படித் தமிழுக்கு வந்தது? 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவரும் அவருக்குப் பின்வந்த லூத்தரன் பாதிரிமாரும் ஜேர்மன் பாடல்களைத் தமிழாக்கி, அதே ஜேர்மன் மெட்டுகளில் பாடவைத்தார்கள். அந்த வேலையில் பப்ரிசியஸ் என்பவரின் பங்கு பெரியது. அந்த மரபின் வழியாக, காதலியை நினைத்து ஏங்கிய மெட்டு கடல் கடந்து வந்து, மட்டக்களப்பில் இடியப்ப உரலோடு அமர்ந்திருந்த ஒரு தாயின் வாயில் குடியேறியது.

"அப்ப இதுல வேதம் எங்க இரிக்கி?" என்று கேட்டேன். "சொல்லுலயா?"

"சொல்லுலயும்தான். ஆனா அம்மா சொல்லை மறந்திட்டு வெறும் மெட்டா முனகினாலும் கண் கலங்கும்."

"அப்ப மெட்டுலயா?"

"மெட்டு காதல் பாட்டெண்டு இப்பதானே சொன்னன்."

அவனிடம் அன்று பதில் இருக்கவில்லை. அடுத்த சில மாதங்கள் அந்தக் கேள்வியை நாங்கள் விடவில்லை. விரிவுரைகளுக்கு நடுவில், தேநீர்க் கடையில், பஸ்ஸுக்கு நிற்கையில் அதையே பேசினோம். ஒரு நாள் அவன் தன் வகுப்பில் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையொன்றைப் பாடினான். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த தஞ்சாவூர்ச் சாஸ்திரியார், கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை ஏராளமாக ஆக்கியவர். விரிவுரையாளர் பாராட்டினார். அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போய் அதே கீர்த்தனையை அம்மாவுக்குப் பாடிக் காட்டியிருக்கிறான். "நல்லாத்தான் இரிக்கி மகன். ஆனா கச்சேரி கேட்ட மாதிரி. கும்பிட்ட மாதிரி இல்ல," என்று அம்மா சொல்லிவிட்டாராம். அதே சபையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியவருக்கோ இது நேர்மாறு. சிறுவயதில் வீட்டு மாலை ஜெபத்தில் கீர்த்தனை பாடி வளர்ந்தவர் அவர். கீர்த்தனை எடுத்தால் அவர் கண்ணை மூடிவிடுவார். ஜேர்மன் மெட்டுகள் அவருக்கு வெள்ளைக்காரனின் பேண்ட் வாத்தியம்.

ஒரே வேதம், ஒரே சபை, ஒரே வாங்கு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு இரண்டு விதமான இசை பக்தியாகிறது. இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று விளங்கத் தொடங்கியது. சுரத்துக்குள் பக்தியைத் தேடினால் கிடைக்காது. அந்தச் சுரத்தை யாரோடு இருந்து, எந்த வேளையில் கேட்டோம் என்று தேட வேண்டும்.

கிறிஸ்தவ உலகத்தின் பெரியவர்களும் இந்த விடயத்தில் குழம்பித்தான் இருக்கிறார்கள். பாட்டும் இசைக்கருவியும் பற்றிய தர்க்கம் நம்மவருக்கு மட்டும் சொந்தமென்று நினைத்திருந்தேன். அது தவறு. புனித அகஸ்தீன் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தன் பாவமன்னிப்பு நூலில், மிலான் நகரத் தேவாலயத்தில் பாடல்களைக் கேட்டுத் தான் அழுததைச் சொல்கிறார். அதே நூலில் பின்னர், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகம் அசைக்கிறபோது தான் பாவம் செய்வதாகவும் சொல்கிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ், சங்கீதம் வாசிப்பவரைப் பாட்டாக இல்லாமல் பேச்சுக்குக் கிட்டியதாக ஓதவைத்தாராம்; அதுதான் பாதுகாப்போ என்றும் யோசிக்கிறார். கிறாஅத்தில் இராகம் எவ்வளவு கூடும் என்று நம் உலமாக்கள் பேசுவதைக் கேட்ட காதுக்கு இது புதிய குரலாகவே படவில்லை.

தேவாலயம் என்றால் ஓர்கன் என்று நாம் நினைக்கிறோம். உரோமர் காலத்தில் அந்த வாத்தியம் ஒலித்தது மனிதர்களை மோதவிட்டுப் பார்க்கும் அரங்குகளில். ஆதித் திருச்சபை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கிழக்கு ஓர்தோடொக்ஸ் தேவாலயங்களில் பெரும்பாலானவற்றில் இன்றும் மனிதக் குரல் மட்டும்தான். 1520களில் சூரிச் நகரச் சீர்திருத்தவாதி ஸ்விங்லியின் காலத்தில் அங்கிருந்த தேவாலயங்களின் ஓர்கன்கள் மௌனமாக்கப்பட்டு அகற்றப்பட்டன. அந்த ஸ்விங்லி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். இசை என்ன செய்யும் என்று தெரிந்ததால்தான் பயந்தார் போலும். அதே காலத்தில் லூதரோ பாட்டை மக்களின் வாயில் கொடுத்தார். ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கதவைத் திறந்தார், மற்றவர் அடைத்தார்.

நமது பக்கத்தில் இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் ஸமாஉ பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். இசை உள்ளத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதைத்தான் அசைக்கிறது என்பது அவர் எடுத்துச் சொல்லும் கருத்துகளில் ஒன்று. அதனால்தான் கேட்கிறவனின் நிலை, நேரம், இடம் எல்லாவற்றையும் அவர் கணக்கில் எடுக்கிறார். இதை வாசித்தபோது இடியப்ப உரலின் முன்னால் இருந்த அந்த அம்மாதான் என் கண்ணுக்குள் வந்தார்.

என்னையே நான் சோதித்துப் பார்த்தேன். எந்த ஓசை கேட்டால் என் நெஞ்சு கரைகிறது? பெருநாள் தக்பீர். இரண்டு மூன்று சுரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் ஓசை அது. சங்கீதம் படித்த ஒருவன் அதை எழுதினால் அரை வரிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதைக் கேட்டதும் புதுச்சாரத்தின் மொறமொறப்பு, வாப்பாவின் அத்தர் வாசம், என் விரலைப் பிடித்திருந்த அவருடைய தடித்த விரல் எல்லாம் வந்துவிடும். வாப்பா மௌத்தாகி வந்த முதலாவது பெருநாளில் தக்பீர் சொல்லத் தொடங்கிய என்னால் மூன்றாவது முறைக்கு மேல் சொல்ல முடியவில்லை. நோன்பு காலத்தில் ரபானைத் தட்டி ஸஹருக்கு எழுப்பிப்போகும் பாவாவின் குரலும் அப்படித்தான். வழிப்போக்கன் ஒருவனுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம். எனக்கோ அதற்குள் உம்மா விளக்கேற்றுகிறார்.

இதை நண்பனிடம் சொன்னேன். "அதுதான் மச்சான்," என்றான். "பாட்டு ஒரு வீடு. ஆள் இருந்தாத்தான் வீடு." நான் ஏளனம் செய்த மெட்டுக்கு அன்றுதான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த மெட்டைப் பற்றி இன்னொரு செய்தியையும் அவன்தான் சொன்னான். யொஹான் செபஸ்தியான் பாக், மத்தேயு நற்செய்தியின்படி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தன் பெரிய இசைப்படைப்பில் இதை ஐந்து முறை கொண்டுவருகிறார். அது முதலில் நிகழ்த்தப்பட்டது 1727இல் லைப்சிக் நகரில், ஒரு பெரிய வெள்ளியன்று. ஐந்தாவது முறை அந்த மெட்டு வருவது இயேசு உயிர்விட்டார் என்று சொன்ன உடனே. அங்கே பாக் எடுத்திருக்கும் அடி, இயேசுவின் மரணத்தைப் பாடும் அடியல்ல; நான் சாகும்போது என்னைவிட்டு விலகாதே என்று பாடுகிறவர் தனக்காகக் கேட்கும் அடி. மேற்குரல் எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டைத்தான் பாடுகிறது. கீழ்க்குரல்கள் மட்டும் அரைச்சுரம் அரைச்சுரமாக நெளிகின்றன. கேட்கிறவன் தன் அம்மாவின் வாயில் கேட்ட மெட்டைத் தன் மரணத்தின் பக்கத்தில் வைத்துக் கேட்கிறான்.

பாக் இறந்தபின் அந்தப் படைப்பு நெடுங்காலம் பெரிய அரங்கு எதையும் காணவில்லை. 1829இல் பெர்லினில் அதை மீண்டும் அரங்கேற்றியவர் மெண்டல்சன் என்ற இருபது வயது இளைஞர். யூதக் குடும்பத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர். பாடப்பட்டது தேவாலயத்தில் அல்ல. ஒரு சங்கீத மண்டபத்தில், நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் முன்னால். ஆனாலும் மண்டபம் அன்று தேவாலயம்போல் இருந்ததாக அவருடைய அக்கா ஃபன்னி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதை அப்படி ஆக்கியவர்கள் வந்திருந்தவர்கள். ஒவ்வொருவரும் தன் தேவாலயத்தைத் தன்னோடு கொண்டுவந்திருப்பார்கள். 1973இல் அமெரிக்கப் பாடகர் பவுல் சைமன் அதே மெட்டைத் தழுவித் தன் நாட்டைப் பற்றிய களைத்த ஒரு பாட்டுச் செய்தார். மெட்டு மறுபடியும் தேவாலயத்தைவிட்டு வெளியே நடந்துபோனது.

இவ்வளவையும் நான் ஒரு ரசனைக் கட்டுரையாகவே எழுதி முடித்திருப்பேன், 2019 ஏப்ரல் 21 வராமல் இருந்திருந்தால்.

அன்று உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நண்பன் தன் தேவாலயத்தில் இருந்தான். அவர்களுடைய இடம் அதுவல்ல, ஆனால் சத்தம் அவர்களுக்கும் கேட்டது. இறந்தவர்களில் பலர் குழந்தைகள், ஞாயிறு பாடசாலை முடித்து வந்தவர்கள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் அதே காலையில் அதே கொடுமை. செய்தவர்கள் நம்முடைய பெயர்களைத் தாங்கியவர்கள். நம்முடைய கலிமாவைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள்.

அன்று பகலிலிருந்து நண்பனுக்கு அழைப்பு எடுத்தேன். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகு நானே நிறுத்திக்கொண்டேன். என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. 'நாங்கள் அப்படியானவர்கள் இல்லை' என்று அவனிடம் சொல்லப்போகிறேனா? பதினேழு வருடம் என்னைத் தெரிந்தவனிடம் அதைச் சொல்ல நேர்வதே ஓர் அவமானம். சொல்லாமலிருப்பதும் முடியாது. பள்ளிக்கூடம் தொடங்கியது, நோன்பு வந்தது, ஊரில் சோதனைகள் நடந்தன. கைத்தொலைபேசியில் அவனுடைய பெயரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன்.

பெருநாள் கழிந்து ஒரு வாரத்தின் பின் அவனே எடுத்தான்.

"மச்சான், எனக்குப் பாட வருதில்லடா," என்றான். அதுதான் முதல் வார்த்தை. பாடகர் குழுவை நடத்துகிறவன் அவன். அன்று காலை அவர்கள் பாடிக்கொண்டிருந்தது உயிர்த்தெழுதலின் பாட்டு, ஆண்டு முழுவதிலும் ஆகச் சந்தோஷமான பாட்டு. அந்தப் பாட்டின் நடுவில்தான் சத்தம் கேட்டது. இப்போது அதன் முதல் வரியை எடுத்தாலே அடுத்ததாக அந்தச் சத்தம் வருமென்று உடம்பு காத்திருக்கிறதாம்.

சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றையும் சொன்னான். "நீ கோவிக்காத. மகளுக்கு எட்டு வயசு. வாங்குச் சத்தம் கேட்டா கட்டிலுக்குக் கீழ போறாள். ரீவியில என்னத்தையோ பார்த்திட்டாள். அல்லாஹு அக்பர் எண்டா குண்டு வெடிக்கும் எண்டு நினைக்கிறாள். நான் சொல்லிப் பார்த்தன் மச்சான். சொல்லு எடுபடுதில்ல."

நான் கோபிக்கவில்லை. ஆனால் அன்றிரவு தூங்கவும் இல்லை. என் வாப்பாவின் விரல் இருந்த தக்பீருக்குள், ஒரு சின்னப் பிள்ளைக்கு வேறு யாரோ குடியேறிவிட்டார்கள். நண்பனின் உயிர்த்தெழுதல் பாட்டுக்குள்ளும் அவர்களே குடியேறிவிட்டார்கள். ஓசைக்குள் இருப்பது நினைவுதான் என்று நாங்கள் தேநீர்க் கடையில் சந்தோஷமாகக் கண்டுபிடித்ததற்கு இப்படியும் ஒரு பக்கம் இருந்தது. நல்ல நினைவு போகிற அதே வாசலால் பயங்கரமும் உள்ளே போய்விடும். குண்டை வைத்தவர்கள் மனிதர்களைக் கொன்றதோடு, இரண்டு சமூகங்களின் ஆகப் புனிதமான ஓசைகளையும் காயப்படுத்திவிட்டுப் போனார்கள். அந்தக் காயத்தை எண்ணிக்கையில் எழுத முடியாது.

அதன் பிறகு கொரோனா வந்தது. நாங்கள் தொலைபேசியில் பேசினோம். பிள்ளைகள், சம்பளம், இணையவழிக் கற்பித்தல் என்று பேசினோம். பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

2022 மார்ச் கடைசியில் அவனுடைய அம்மா காலமானார். நாட்டில் பெற்றோல் வரிசை நீண்டிருந்த நாட்கள். கலாசாலைக் காலம்போலவே சைக்கிளில் போனேன். முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். சிலர் என் தொப்பியைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் விறாந்தை ஓரத்தில் நின்றேன். உள்ளே அம்மா வெள்ளைச் சேலையில் கிடந்தார். அவர் கையால் எத்தனை நாள் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிருக்கிறேன். "மகன், இறைச்சி உங்கட கடையிலதான் வாங்கினது, பயப்படாமச் சாப்பிடுங்க" என்று ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்வார்.

போதகர் வந்தார். வாசிப்பதற்குக் கீபோட் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மின்வெட்டு. அந்த நாட்களில் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது. வாத்தியம் ஊமையாகக் கிடந்தது. யார் பாட்டை எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நண்பன் தாயின் தலைமாட்டில் நின்றான். வாய் திறந்தான், குரல் வரவில்லை.

எடுத்தது அவனுடைய மகள். பதினொரு வயது. அந்தப் பழைய மெட்டு. மெல்லிய குரலில், கொஞ்சம் உச்சத்தில் எடுத்துவிட்டாள். முதல் வரியைத் தனியாகவே பாடினாள். வரி முடிவில் நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் வீடு முழுவதும் மூச்செடுத்தது. இரண்டாம் வரியை எல்லோரும் பாடினார்கள். மூன்றாம் வரியில் நண்பனின் கட்டைக்குரலும் அதற்குள் கேட்டது.

நான் பாடவில்லை. அது என்னுடைய வணக்கமல்ல. அந்தச் சொற்களில் நான் ஏற்காதவை உண்டு. அது அவனுக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவர்களோடு சேர்ந்து என் நெஞ்சும் மூச்செடுத்துக்கொண்டதை நான் மறைக்கப்போவதில்லை. எனக்கு அந்த மெட்டுக்குள் இப்போது ஆட்கள் இருந்தார்கள். கண்ணை மூடி முனகும் ஒரு விடுதித் தோழன், மர நிழலில் சாய்த்த ஒரு சைக்கிள், உரலைப் பிழியும் ஒரு தாய்.

பாட்டு முடிந்து சேமக்காலைக்குப் புறப்பட ஆயத்தமானபோது நண்பன் என்னருகே வந்தான். "அசருக்கு நேரமாகிட்டுத்தானே. உள்ள அறையில தொழுதிட்டு வா. அதுக்குப் பிறகு எடுப்பம்," என்றான். தாயின் உடலை வைத்துக்கொண்டு என் தொழுகை நேரத்தை நினைத்தான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்க முதல் மகளைக் கூப்பிட்டு, "மாமாவுக்குத் தண்ணி எடுத்துக் குடு" என்றான்.

அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கழுவி மடித்த ஒரு வெள்ளை விரிப்பையும் கொண்டுவந்தாள். நான் கிப்லாவைக் கணித்து நின்றேன். கதவு திறந்திருந்தது. அவள் போகாமல் நிலையருகே நின்றுகொண்டிருந்தாள். கையை உயர்த்தியபோது ஒரு கணம் எனக்குத் தயக்கம். கட்டிலுக்குக் கீழே ஒளிந்த பிள்ளை அல்லவா. அசர் மெதுவாக ஓதும் தொழுகை. தக்பீரைத் தனக்கு மட்டும் கேட்கச் சொன்னால் போதும். என்றாலும் அவளுக்கும் கேட்கட்டும் என்று, பயமுறுத்தாத அளவு குரலில், "அல்லாஹு அக்பர்" என்றேன்.

அவள் நின்ற இடத்திலிருந்து ஓடும் காலடிச் சத்தம் ஏதும் கேட்கவில்லை. ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அதே நிலையில்தான் சாய்ந்து நின்றாள். வெறும் வாளியை எடுத்துக்கொண்டு, "முடிஞ்சுதா மாமா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது மகள்," என்றேன். இருவரும் வெளியே வந்தோம். அம்மாவைத் தூக்குவதற்கு ஒரு பக்கம் தோள் தேவைப்பட்டது. நான் போய்க் கொடுத்தேன்.